அத்தியாயம் 7: அப்பா ஓட்டிய டிராக்டரை மறுபடி வயலில் இறக்குவது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிப் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் ஏராளம். அதனால் இந்த வட்டாரத்தில் ஓடாத டிராக்டருக்கு எந்த நாளும் ஒரு விலை உண்டு. கிலோவுக்கு இவ்வளவு என்று வாசலுக்கே வந்து கேட்பார்கள். ஆனால் அந்த டிராக்டரை ஓடவைக்கத் தேவையான கைவேலை அத்தனையும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. காக்களூர், திருமழிசை, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் லேத் பட்டறைகள் உண்டு. திருவள்ளூரில் 1971-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கிய மண் அள்ளும் இயந்திரத் தொழிற்சாலை பிறகு கேட்டர்பில்லர் வசம் வந்து இன்றும் இயங்குகிறது. ஜே.சி.பி., லாரி ஓடும் ஊர்களில் ஹைட்ராலிக் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை.

நம் பக்கத்துக் குடும்பங்களில் அதிகம் மிஞ்சியிருக்கும் பழைய வண்டி டாஃபே மாஸி ஃபெர்குசன் 1035. டாஃபே 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் வண்டிகளுக்கு எஞ்சின் கொடுத்த சிம்ப்சனும், பிஸ்டன், ரிங் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸும் பெரம்பூரை ஒட்டிய செம்பியத்தில் இருக்கின்றன. அந்த வண்டியை வைத்தே இந்த அத்தியாயம் போகிறது. உங்களிடம் ஐஷர், மகிந்திரா பி-275, ஹெச்.எம்.டி., எஸ்கார்ட்ஸ் ஃபோர்டு எது இருந்தாலும் வேலையின் வரிசை இதுதான். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்று. வண்டியை முழுதாக ஒரே பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். கழற்றுவதும் பூட்டுவதும் நம்பிக்கையான ஒரு மெக்கானிக் கையில் இருக்கட்டும். அளக்கும் வேலையும் கடையும் வேலையும் பாகம் பாகமாக, அதற்கென்றே இருக்கும் பட்டறைகளுக்குப் போகட்டும். எது எங்கே போனது, என்ன அளவு வந்தது என்று எழுதும் நோட்டு உங்களிடமே இருக்கட்டும்.

1. முதல் கேள்வி: உழவுக்கா, நினைவுக்கா?

சேடை ஓட்டவும் டிரெய்லர் இழுக்கவும் போகிற வண்டிக்கு ஆகும் செலவு வேறு. பொங்கலுக்கு மாலை போட்டு ஊரைச் சுற்றி வரப்போகிற வண்டிக்கு ஆகும் செலவு வேறு. இரண்டையும் கலந்து நினைப்பவர்கள்தான் பெயிண்ட்டுக்கும் புது மட்கார்டுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, லிஃப்ட் வேலைக்குக் காசில்லாமல் நிற்கிறார்கள்.

வண்டியைத் தொடுமுன் மூன்றைப் பாருங்கள். எஞ்சின் பிளாக்கிலோ கியர்பாக்ஸ் கூட்டிலோ விரிசல் உண்டா? முன்பு வெல்டிங் வைத்த தழும்பு உண்டா? எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா? கூட்டில் விரிசலும் நம்பரில் பேதமும் சேர்ந்து இருந்தால், அந்த வண்டியை உதிரிப் பாகங்களுக்காக வைத்துக்கொள்வதே லாபம். மற்றபடி துருப்பிடித்த பானட், வெடித்த டயர், ஓடாத எஞ்சின் எதுவும் கைவிடுவதற்கான காரணம் அல்ல.

2. காகிதத்தை முதலில் முடியுங்கள்

உழவு டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலான குடும்ப வண்டிகளில் இரண்டு சிக்கல்கள் தனியாகக் காத்திருக்கும்.

ஒன்று, பெயர். வண்டி இறந்துபோன அப்பா அல்லது தாத்தா பெயரிலேயே இருக்கும். வாரிசுக்கு மாற்றப் படிவம் 31. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள், மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். அண்ணன் தம்பி பேச்சு நன்றாக இருக்கும்போதே கையெழுத்தை வாங்கிவிடுவது நல்லது. வண்டி புதுசுபோல் ஆனபின் பங்கு கேட்பவர்கள் கூடுவார்கள்.

இரண்டு, கடன். கூட்டுறவு வங்கியிலோ நிலவள வங்கியிலோ வாங்கிய கடன் எப்போதோ தீர்ந்திருக்கும், ஆர்.சி.யில் அடமானப் பதிவு மட்டும் அப்படியே நிற்கும். வங்கியிடம் படிவம் 35-இல் கையெழுத்தும் தடையில்லாச் சான்றும் வாங்கி அதை நீக்க வேண்டும். வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் இதற்கே மாதக்கணக்கில் ஆகும். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்தான். அதற்கு முந்தைய வண்டிகளின் மூலப்பதிவு செங்கல்பட்டு மாவட்டக் கணக்கில் இருக்கும், தேடிப் பிடிக்கக் கால அவகாசம் வேண்டும்.

எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து இப்போதே இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். பெயிண்ட் அடிப்பவர் தெரியாமல் அந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

3. எப்போது பிரிப்பது?

மாசி, பங்குனியில். நவரைப் பயிர் வயலில் நிற்கும் மாதங்கள் அவை, உழவுக்கு அவசரம் இல்லை. வெயில் காய்வதால் துரு நீக்கவும் பெயிண்ட் காயவும் ஏற்ற காலம். சொர்ணவாரிக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஆவணி சம்பா உழவுக்கு வண்டி தயார் என்பதே நிதானமான கணக்கு. இடையில் உழவு நின்றுபோகாமல் இருக்க, வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியில் வாடகைக்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

4. வருடக்கணக்கில் நின்ற எஞ்சினை எழுப்புதல்

புது பேட்டரி வாங்கி மாட்டி உடனே செல்ஃப் அடிப்பதும், இன்னொரு டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துக் கிளட்ச்சை விடுவதும்தான் வண்டியைக் கெடுக்கும் முதல் இரண்டு வேலைகள். ரிங் லைனரோடு துருவால் ஒட்டியிருக்கும்போது இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும். ரிப்பேர் ஒன்று இரண்டாகும்.

முதலில் ஆயில் சம்ப்பின் அடித் திருகை மிக மெதுவாகத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம், கசியும் அளவுக்குப் போதும். கீழே ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் பிடியுங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் உள்ளே தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் இறங்கும். முதல் சொட்டிலேயே கறுப்பு ஆயில் வந்தால் நிம்மதி. தெளிந்த தண்ணீர் வந்து பிறகு ஆயில் வந்தால், மழைநீர் சைலன்ஸர் வழியாக இறங்கியிருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் திருகுகளையும் இதேபோல் சோதியுங்கள். ஆயில் மோர் நிறத்தில் வந்தால் அதை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுக்கூடச் சுற்றக் கூடாது.

அடுத்து, நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் சமமாகக் கலந்து ஊற்றி, துணியால் மூடி ஒரு வாரம் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீள ஸ்பானர் போட்டு முன்னும் பின்னுமாக அசையுங்கள். அரை அங்குலம் அசைந்தால் போதும், அன்றைக்கு அத்தோடு நிறுத்தி மறுபடி எண்ணெய் விடுங்கள். சுற்ற ஆரம்பித்தபின் நாசில் ஓட்டைக்கு எதிரே முகத்தைக் காட்டாதீர்கள், ஊற்றிய எண்ணெய் பீச்சியடிக்கும்.

5. டீசல் வழி

டாங்கைக் கழற்றி, கைப்பிடிச் சங்கிலியை உள்ளே போட்டுக் குலுக்கினால் துரு உதிர்ந்துவிடும். டாங்கில் ஓட்டை அடைக்க வெல்டரிடம் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: காலி டாங்க் என்று ஒன்று கிடையாது. உள்ளே மிஞ்சிய டீசல் ஆவி போதும், வெடிப்பதற்கு. வெந்நீரும் சோப்பும் விட்டுப் பலமுறை கழுவி, இந்த வேலை தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள்.

பம்ப் எந்த வகை என்று பாருங்கள். உருண்டையாக, சிறியதாக இருக்கும் சி.ஏ.வி. டி.பி.ஏ. ரோட்டரி பம்ப்புக்குத் தனி ஆயில் கிடையாது, அதனுள் ஓடும் டீசலே அதற்கு மசகு. அதனால் டீசலில் சிறிது தண்ணீர் கலந்தாலும் ரோட்டர் இறுகிவிடும். நீளவாட்டில் இருக்கும் மைகோ இன்லைன் பம்ப்புகளில் பலவற்றுக்குத் தனியாக ஆயில் விடும் இடம் இருக்கும், அதை மறந்துவிடுவார்கள். எந்த வகையானாலும் கழற்றுமுன் பம்ப்பின் ஃபிளாஞ்சிலும் எஞ்சினிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துவிடுங்கள், டைமிங் மாறாமல் திரும்பப் பூட்ட உதவும். பம்ப்பை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரிக்கக் கூடாது. டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் கடையில் கேலிப்ரேஷன் செய்து, சீட்டு வாங்குங்கள். நாசிலையும் அங்கேயே சோதிக்கச் சொல்லுங்கள். பனிபோலப் பூவாக விரிந்து தெளித்தால் நல்லது, சொட்டினால் மாற்ற வேண்டும். அந்தத் தெளிப்பைக் கையால் தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசல் போய்விடும். வெளியே ஊசி குத்தினாற்போல்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரும்.

6. அளவு எடுத்தபின்தான் உதிரிப் பாகம்

ஹெட்டைத் தூக்கியபின் லைனர், பிஸ்டன், கிராங்க் மூன்றையும் அளக்கப் போரிங் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கிராங்க் தேய்மானத்தை அங்கே பத்து, இருபது, முப்பது என்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு அது. 'பத்து' என்றால் 0.254 மி.மீ. பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"என்னண்ணா, பத்துல நிக்குமா?"

"ஏற்கெனவே பத்து எடுத்திருக்காங்க தம்பி. ரெண்டாவது ஜர்னல்ல கோடு விழுந்திருக்கு. இருபது எடுத்தாதான் சுத்தமாகும். பேரிங் வாங்கிட்டியா?"

"இன்னும் இல்லண்ணா."

"நல்லதாப் போச்சு. நான் சொன்னப்புறம் வாங்கு."

கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க்கைக் கடைந்த அளவுக்குத்தான் பேரிங். முன்கூட்டி வாங்கினால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். பிஸ்டன் செட்டும் அப்படியே.

புது உதிரிப் பாகங்களுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. எங்கே போனாலும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பால் பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றின்மேல் நம்பர் பொறித்திருக்கும். டிராக்டர் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டால் விலையும் குறையும், பொருளும் மாறாது.

ஹெட்டைச் சமதளம் பார்த்து, வால்வைக் கிரைண்ட் செய்து வாங்குங்கள். பூட்டும்போது நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, புத்தகத்தில் உள்ள வரிசையில் இறுக்க வேண்டும். டேப்பட் இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் 3.152 வகைக்கு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.30 மி.மீ., தீப்பற்றும் வரிசை 1-2-3.

ரேடியேட்டர் விஷயத்தில் நம் பக்கத்துக்கென்று ஓர் எச்சரிக்கை. மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. அந்த போர்வெல் தண்ணீரையே வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றிய வண்டிகளில், ஹெட்டின் நீர்வழிகள் உப்புப் படிந்து அடைத்திருக்கும். புது எஞ்சின் வேலை செய்தபின் அதே தண்ணீரை ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் கலந்து விடுங்கள்.

7. வண்டியை இரண்டாகப் பிரிக்கும்போது

காரைப்போலவோ லாரியைப்போலவோ இந்த டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் போல்ட்டால் இணைந்து அதுவே முதுகெலும்பாக நிற்கிறது. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமானால் வண்டியை நடுவில் பிரித்தாக வேண்டும். முன் ஆக்ஸில் நடுவில் ஒரே ஊசியில் ஆடுவதால், பிரித்த கணமே எஞ்சின் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். அதனால் பிரிக்குமுன் ஆக்ஸிலுக்கும் மேல் தாங்கிக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு அடித்து இறுக்குங்கள். இரு பாதிக்கும் அடியில் கனத்த தாங்கிகள் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

பழைய கிளட்ச் பிளேட்டிலும் பிரேக் லைனிங்கிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

8. லிஃப்ட்: வண்டியின் பாதி மதிப்பு

கலப்பையை மூன்று புள்ளிகளில் பிணைத்து, மண்ணின் இழுவைக்கு ஏற்ப ஹைட்ராலிக் தானே ஏற்றி இறக்கும் ஏற்பாட்டைப் பரவலாக்கியவர் ஹாரி ஃபெர்குசன். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான டி.ஈ.20 டிராக்டரின் அந்த அமைப்புதான் 1035 வரை வழிவழியாக வந்தது. பம்ப் வெளியே தெரியாது, நடுக்கூட்டின் ஆயிலுக்குள் மூழ்கிக் கிடக்கும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் பெடலை மிதித்தால் லிஃப்ட்டும் நின்றுவிடும். அதைப் பழுது என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள்.

லிஃப்ட் தூக்கவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது ஆயிலை மாற்றுவது, வடிகட்டியைக் கழுவுவது. சேடை ஓட்டிய வண்டிகளில் பிரேக் டிரம், கியர் லீவர் ரப்பர் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். பாதிக் கோளாறு அதுதான். தூக்கியது நிற்காமல் இறங்கினால், கலப்பையைத் தூக்கி எஞ்சினை அணைத்து, தரையிலிருந்து உயரத்தை அளந்து எழுதுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். சரசரவென்று இறங்கினால் லிஃப்ட் பிஸ்டன் ரிங்கோ கண்ட்ரோல் வால்வோ கசிகிறது. தூக்கிய கலப்பைக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

9. நிறுத்துவதும் திருப்புவதும்

இடம், வலம் தனித்தனி பிரேக் பெடல் வயலுக்கானது. சாலைக்கு வரும்போது இரண்டையும் கொக்கியால் பிணைக்க வேண்டும். பழைய வண்டிகளில் அந்தக் கொக்கி காணாமல் போயிருக்கும். முதல் வேலையாக ஒன்று செய்து மாட்டுங்கள். ஜி.என்.டி. சாலையில் டிரெய்லரோடு போகும்போது ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

முன் ஆக்ஸில் நடு ஊசி, கிங் பின் புஷ் தேய்ந்திருந்தால் லேத்தில் கன்மெட்டல் புஷ் கடைந்து போடலாம், கடையில் வாங்குவதைவிட நீடிக்கும். டயர் முன்னே 6.00-16, பின்னே 12.4-28. ஓரத்தில் வெடிப்பு விழுந்த டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், நம்பாதீர்கள்.

செல்ஃப் வேலை செய்யவில்லை என்று பின்சக்கரத்துக்கு முன்னால் நின்றபடி ஸ்க்ரூ டிரைவரால் டெர்மினலைத் தொடுவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கும். கியரில் இருந்தால் வண்டி கிளம்பி அவர்மேலேயே ஏறும். சுவிட்ச்சைச் சரிசெய்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

10. பெயிண்ட்

சிப்காட் பக்கம் மணல் வீச்சில் துரு நீக்கித் தரும் இடங்கள் கிடைக்கும். தகரத்துக்கும் வீல் டிஸ்க்குக்கும் அது நல்லது. எஞ்சினையும் லிஃப்ட் கூட்டையும் அங்கே அனுப்பக் கூடாது, மணல் ஒரு துளி உள்ளே போனாலும் செய்த வேலை வீண். பழவேற்காட்டுக் காற்று படும் ஊர்களில் துரு நீக்கிய அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். பள்ளத்தைப் பட்டி வைத்து மெழுகுவதைவிடத் தட்டி நிமிர்த்துவது மேல். நிறத்தை மாற்றுவதானால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், பழைய நிறமே இருக்கட்டும்.

11. முதல் ஸ்டார்ட், முதல் ஐம்பது மணி

முதல் ஸ்டார்ட்டுக்கு இருவர் வேண்டும். ஒருவர் சீட்டில், இன்னொருவர் காற்று உறிஞ்சும் குழாய் அருகே ஒரு தட்டைப் பலகையோடு. பம்ப் சரியாகப் பொருந்தாவிட்டாலோ ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் அளவுக்கு மீறி இருந்தாலோ எஞ்சின் கட்டுக்கு மீறி இரைச்சலெடுத்து ஓடும், சாவியால் நிற்காது. பலகையால் காற்றை அடைத்தால் நின்றுவிடும். உள்ளங்கையால் அடைக்கக் கூடாது.

வெள்ளைப் புகை சூடேறியதும் மறைய வேண்டும். நீலம் நின்றால் ஆயில் எரிகிறது. சுமை இல்லாமலே கறுப்பு வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. முதல் 50 மணி நேரம் புழுதி உழவு, பாதிச் சுமை டிரெய்லர் போதும். வெறுமனே ஓடவிட்டு நிறுத்தி வைப்பதும் கெடுதல், ரிங் பதியாது. 50 மணி முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டேப்பட்டை மறுபடி பார்த்து, ஹெட் நட்டைப் புத்தகம் சொல்கிறபடி சரிபாருங்கள். அதன்பிறகே கேஜ் வீல் மாட்டிச் சேடைக்கு இறக்குங்கள்.

பணம் பாதியில் தீர்ந்தால்

தீரும். அப்போது இந்த வரிசையில் செலவிடுங்கள்: பிரேக்கும் ஸ்டீயரிங்கும், பம்ப்பும் நாசிலும், எஞ்சின், லிஃப்ட், டயர், விளக்கு, கடைசியில் பெயிண்ட். முதல் நான்கும் முடிந்தால் வண்டி சம்பாதிக்க ஆரம்பித்துவிடும், மீதிச் செலவை அதன் உழவுக் கூலியிலிருந்தே எடுக்கலாம். சாலையில் ஏற்றுவதற்கு மட்டும் இன்சூரன்ஸும் விளக்கும் இல்லாமல் முடியாது. அதுவரை வண்டி சொந்த வரப்புக்குள்ளேயே ஓடட்டும்.